கோட்டுக்கு மேலே மூன்று வரி

ஏப்ரல் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். நாமக்கல்லில் வானம் வெளுத்துக் கிடந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை, காற்றும் இல்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்களுக்கு ஒதுக்கிய வகுப்பறையில் மின்விசிறிகள் ஆறு. சுற்றியவை நான்கு. சுற்றாத இரண்டில் ஒன்றின் கீழே என் இருக்கை. சுற்றுகிற ஒன்றுக்கு நேர் கீழே, எனக்கு எதிரே, சேலத்திலிருந்து வந்த பரீதா டீச்சர். அந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தமிழாசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள், என் பணி அனுபவத்தில் எதையாவது எழுதித் தரும்படி கேட்டீர்கள். பாடத்திட்டம், கற்றல் விளைவு, கரும்பலகைப் பயன்பாடு எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். பொறாமையைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் நான் அதைச் சொல்கிறேன்.

இந்த வேலையில் பொறாமை வரும். பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம் கேட்கும்போது வரும். நம்மிடம் படித்துவிட்டுப் போன பையன் கடைத்தெருவில் நம்மைத் தாண்டிப் போய்க் கணக்கு வாத்தியாருக்கு வணக்கம் சொல்லும்போது வரும். ஆசிரியர் தினத்தன்று யார் மேசையில் எத்தனை பேனா என்று நான் எண்ணியிருக்கிறேன். எண்ணாதவர்கள் என்று சொல்லிக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் எண்ணிக்கை சரியாகத் தெரிந்திருக்கும். முப்பத்து மூன்று ஆண்டுகளில் எனக்கு வந்த பொறாமைகளில் பெரியது, முகம் தெரியாத ஓர் ஆசிரியர்மேல், அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்போது நான் ஓய்வு பெற ஐம்பது நாள் இருந்தது.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள். நாற்பத்து நான்காம் வினா, எட்டு மதிப்பெண். விரிவானம் என்கிற துணைப்பாடப் பகுதியில் ஒரு பழைய நாவலின் சில அத்தியாயங்கள் பாடமாக இருந்தன. வினா இதுதான்: நாவலில் வரும் எளிய மனிதர்களின் துணிவு, நேர்மை, கனவு ஆகியவற்றை விளக்கிக் கட்டுரை வரைக.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாரப்பன் என்பவன் ஒரு மண்டியில் கூலிக்கு எடை போடுகிறவன். முதலாளி தராசை அமுக்கிப் பிடிக்கச் சொல்கிறார். இவன் மாட்டேன் என்கிறான். பஞ்சாயத்தில் நின்று, எந்தக் கல் குறைந்த கல் என்று கையில் எடுத்துக் காட்டுகிறான். வேலை போகிறது. சொந்தமாக ஒரு தராசு வாங்கிக் கடை வைப்பது அவன் கனவு. அதற்குப் பணம் சேர்க்க வெளியூர் கிளம்புகிறான். கடைசிப் பக்கத்தில் வாசலில் நின்று மனைவி பாவாயியிடம் “வாரேன்” என்கிறான். அவள் “செரி” என்கிறாள். அவன் போகிறான், அவள் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான் நாவல்.

இந்தப் பாடத்துக்கு நான் ஒரு மாதிரிக் கட்டுரை எழுதி வைத்திருந்தேன். ஆறு பக்கம். முன்னுரை, மாரப்பனின் துணிவு, மாரப்பனின் நேர்மை, மாரப்பனின் கனவு, முடிவுரை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் ஒரு மேற்கோள். “நேர்மைக்கு மாரப்பன் ஒரு கலங்கரை விளக்கம்” என்பது என் வரி. கடைசியில் அவன் சொல்லும் ‘வாரேன்’ என்ற சொல், திரும்பி வருவேன் என்னும் நம்பிக்கையின் குரல் என்று முடித்திருப்பேன். அது ஜெராக்ஸ் எடுக்கப்பட்டு, புதுச்சத்திரம், எருமப்பட்டி, மோகனூர் என்று பள்ளி பள்ளியாகப் போய், பிறகு கைப்பேசியில் ஏறி, எனக்குத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் போய்விட்டது. விடைக்குறிப்பிலும் கடைசிக் குறிப்பு ‘மீண்டும் வரும் நம்பிக்கை’ என்றே இருந்தது. என் கட்டுரையைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

காலையில் கொடுத்த விடைத்தாள் கட்டில் பதினைந்து தாள். முதல் பத்தில் எட்டு, அச்சு அசலாக என் கட்டுரை. முதல் மூன்று தாள் வரைக்கும் எனக்குப் பெருமையாக இருந்தது. நான்காவதில்தான் ஒன்றைக் கவனித்தேன். என் கட்டுரையைத் தட்டச்சு செய்தவர் முடிவுரையில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருந்தார். ‘எளியோரின் கனவு என்றும் தோற்பதில்லை’ என்று நான் எழுதியது, ‘எலியோரின் கனவு என்றும் தோற்பதில்லை’ என்று விழுந்திருந்தது. எட்டுப் பிள்ளைகளும் எலியையே எழுதியிருந்தார்கள். எட்டிலும் பிழைக்காக அரை மதிப்பெண் குறைத்தேன். என் கட்டுரைக்கு என் கையாலேயே வெட்டு.

எதிரே பரீதா டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். சேலம் டவுனில் துணிக்கடைக் குடும்பம். வாய் அவருக்கு எப்போதும் அரை முழம் அதிகம்.

“சார், எனக்கு இதுவரைக்கும் ஏழு எலி. உங்களுக்கு?”

“எட்டுங்க டீச்சர்.”

“பரவால்ல, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பூனை வாங்கிரலாம். கலங்கரை விளக்கம் வந்தாலே உங்க சரக்குன்னு தெரிஞ்சு போகுது சார். நாமக்கல்லுல கடலே இல்ல, எத்தன விளக்கு.”

நான் பதினொன்றாம் தாளை எடுத்தேன்.

கையெழுத்து சுமார். உட்தலைப்பு ஒன்றும் இல்லை. அடிக்கோடு இல்லை. மேற்கோள் இல்லை. அவசரத்தில் எழுதிய பிள்ளை என்று நினைத்து, மூன்று மதிப்பெண் போட மனத்தில் எண்ணிக்கொண்டு படித்தேன். முதல் பத்தி சாதாரணம். இரண்டாவது பத்தி இப்படித் தொடங்கியது. என் நினைவிலிருந்து எழுதுகிறேன், ஆனால் சொல் மாறவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

‘மாரப்பன் எடைக்கல்லில் பொய் சொல்லாதவன். வாசலில் மட்டும் ஒரு பொய் சொன்னான். வாரேன் என்று சொன்னான். உரைநூலில் இதை நம்பிக்கை என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போகிற எல்லாரும் வாரேன் என்றுதான் சொல்லுவார்கள். போறேன் என்று சொல்ல ஆகாது. அதனால் சொல்வது. வருவேன் என்று அதற்குப் பொருள் இல்லை. சிலர் எட்டு மாதம் கழித்து வருவார்கள். சிலர் வருவதில்லை. மாரப்பனுக்கும் இது தெரியும். பாவாயிக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செரி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். துணிவு எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்லுவேன்.’

கீழே இன்னும் இரண்டு வரி. ‘மாரப்பனின் கனவு தராசு. பாவாயியின் கனவு என்ன என்று நாவலில் இல்லை. அதனால் என்னால் எழுத முடியவில்லை.’ அத்தோடு பக்கம் முடிந்தது.

நான் பேனாவை மூடி வைத்தேன்.

முப்பத்து மூன்று ஆண்டு தமிழ் நடத்தியவன் நான். இந்த நாவலை எத்தனை வகுப்புக்கு நடத்தினேன் என்று என்னிடம் கணக்கே இருக்கிறது. அந்தக் கடைசிப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் குரலை இறக்கி, கொஞ்சம் நிறுத்தி, வாசித்திருக்கிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நானே தினமும் வாரேன் என்றுதான் சொல்கிறேன். செத்த வீட்டில் தவிர வேறெங்கும் சொல்லாமல் வருவதில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. வாசலில் மட்டும் ஒரு பொய் என்ற வரி எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்.

பதினைந்து வயதுப் பிள்ளைமேல் பொறாமைப்பட என் வயது இடம் கொடுக்கவில்லை. அதனால் அது அந்தப் பிள்ளைக்குத் தமிழ் நடத்திய ஆசிரியர்மேல் திரும்பியது. ஆள் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இருந்தாலும் ஒரு நிமிடத்தில் எனக்கு அவரைத் தெரிந்துபோனது. வயது முப்பத்தைந்துக்குள். நல்ல குரல். மாதிரிக் கட்டுரை கொடுக்காதவர். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, “நீங்க உங்க ஊட்டுல எப்படிச் சொல்லுவீங்க” என்று பிள்ளைகளைக் கேட்கிறவர். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அவரைச் சுற்றி நிற்கும். அவர் தாமதமாக வந்தால் வகுப்பு வருத்தப்படும். நான் தாமதமாக வந்த நாட்களில் வகுப்பில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

“என்ன சார், அரை மணியா ஒரே தாள்ல உக்காந்திருக்கீங்க? கல்யாணப் பத்திரிகையா?” என்றார் பரீதா டீச்சர்.

அரை மணி இல்லை, பதினொரு நிமிடம். தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

“இந்தத் தாள் எனக்கு வந்திருக்கலாம்,” என்றார். “எனக்குன்னு பாருங்க, எலியா வந்து விழுது.”

அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பொறாமையில் துணைக்கு ஆள் கிடைத்தால் பாதி குறையும்.

“இதுக்கு யாருங்க நடத்தியிருப்பாங்க?” என்று கேட்டேன்.

“யாரோ புண்ணியவான். ரிக்குன்னு எழுதியிருக்கே, உங்க பக்கமா இருக்குமோ?”

“எந்த மாவட்டத்துத் தாளோ. நமக்குத் தெரியாதுங்களே.”

“தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் பண்ண மாட்டேன். பாத்துட்டு வந்துருவேன்.”

“பாத்துட்டுத் தூங்குவீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் தன் தாளுக்குத் திரும்பினார்.

எத்தனை போடுவது என்பதுதான் அடுத்த கேள்வி. விடைக்குறிப்புப்படி உட்தலைப்பு இல்லை, மேற்கோள் இல்லை, கடைசிக் குறிப்புக்கு நேர்மாறான விடை. மூன்று போட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். எட்டும் போடலாம், மனம் அதைத்தான் சொன்னது. நான் ஏழு போட்டேன். குறைத்த ஒன்றுக்கு, தாளில் உட்தலைப்பு இல்லை என்பது காரணம். உண்மையில் அந்த ஒன்று அந்த ஆசிரியருக்கு.

போட்டுவிட்டு அடுத்த விடைக்குப் போனேன். பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை. விடை முடிந்துவிட்டது என்று நான் முடிவு செய்துவிட்டேன். நாற்பத்தைந்தாம் வினாவின் விடை இன்னும் தள்ளி இருந்ததால், இடையில் இருந்த பக்கத்தையும் சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளியிருக்கிறேன். உங்களில் யாராவது இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு தொழில் அறிவுரையை எடுத்துக்கொள்வதாக இருந்தால், அது இதுதான்: தாளைப் புரட்டுங்கள். நல்ல விடை என்று தோன்றுகிறபோது கட்டாயம் புரட்டுங்கள். நல்ல விடை நம்மைச் சோம்பேறியாக்கும்.

பன்னிரண்டு மணிக்கு என் விடைத்தாள் கட்டைச் சீஃப் எடுத்துக்கொண்டார். முதன்மைத் தேர்வாளரை எல்லாரும் சீஃப் என்றுதான் சொல்வோம். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். விதியை மீறியதற்காக எப்போதோ ஒரு முறை விளக்கம் எழுதிக் கொடுத்தவர், அதனால் விதி அவருக்கு மனப்பாடம். ஒவ்வொருவர் கட்டிலும் சில தாள்களை உருவிப் பார்ப்பார். உட்தலைப்பே இல்லாத கட்டுரைக்கு எட்டுக்கு ஏழு என்றால் அவர் கண்ணில் படாமல் போகுமா. நான் மூன்று போட்டிருந்தால் அந்தத் தாள் அவர் கையில் சிக்கியிருக்காது. அள்ளிக் கொடுத்து நானே அதை மாட்டிவிட்டேன்.

“சார், இங்க கொஞ்சம் வாங்க,” என்றார்.

போனேன். பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துக் காட்டினார். நான் பார்க்காத பக்கத்தின் தலையில் மூன்று வரி இருந்தது.

‘இந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்த ஆள் இல்லை. காலாண்டுத் தேர்வுக்கு முன்பே தமிழ் ஐயா மாறுதல் கிடைத்துப் போய்விட்டார். போகும்போது அவரும் வாரேன் என்றுதான் சொன்னார்.’

அதற்குக் கீழே ஒரு கோடு.

“நீங்க இதப் பாக்கலையா?”

“பாக்கலீங்க.”

“இது வேண்டுகோள் சார். தேர்வாளருக்கு எழுதுன மாதிரி இருக்கு. எங்களுக்கு வாத்தியார் இல்ல, பாத்துப் போடுங்கன்னு அர்த்தம். நான் இதத் தனியா எடுத்து அறிக்கை அனுப்பியாகணும்.”

அதன் பொருள் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். விடைத்தாளில் தேர்வாளரிடம் மதிப்பெண் கேட்டு எழுதினால் அது முறைகேடு. ‘ஐயா, பாஸ் போட்டுவிடுங்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. தாள் மேலே போகும். விசாரணை முடியும் வரை அந்தப் பிள்ளையின் முடிவு நிற்கும். மற்ற பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது இந்தப் பிள்ளை எங்கே இருக்கும்? வீட்டில் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். பையனாக இருந்தால் ரிக் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். பெண்ணாக இருந்தால் நூல் மில் வேன் வாசலுக்கே வரும். நான் மிகைப்படுத்தவில்லை. அப்படிப் போனவர்களின் பெயர்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியும்.

எனக்கோ ஓய்வூதியக் கோப்பு மேலே போயிருந்த நேரம். பக்கத்தைப் பார்க்காமல் விட்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்தால் கோப்பு எங்கே நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சாப்பாட்டு மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கட்டு அதற்குள் முகாம் அலுவலகத்துக்குப் போக வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் தைரியம் ஒன்றும் வரவில்லை. பழக்கம்தான் வந்தது. தாளை அவர் கையிலிருந்து வாங்கி, முதல் பக்கத்திலிருந்து புரட்டி எண்ணினேன்.

“என்ன சார் எண்றீங்க?”

“கோடுங்க.”

ஒவ்வொரு விடை முடிந்ததும் பிள்ளைகள் கீழே ஒரு கோடு போடுவார்கள் அல்லவா. பாதிப் பேர் பாதி விடைக்குப் போடுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை எழுதியிருந்த நெடுவிடை, குறுவிடை எல்லாம் சேர்த்து இருபத்தேழு. கோடு இருபத்தேழு. ஒன்றுகூட விடுபடவில்லை. ஒரு கோட்டுக்குக் கீழும், அடுத்த விடையைத் தவிர, ஓர் எழுத்து இல்லை.

“ஏனுங்க சார், வேண்டுகோள் எழுதற பிள்ளை எங்க எழுதும்? கோட்டப் போட்டுட்டு, அதுக்குக் கீழ எழுதும். பாத்திருக்கோம்லங்க. இது கோட்டுக்கு மேல இருக்குதுங்க. விடை இன்னும் முடியல. வாரேன்னா என்னன்னு சொல்லிட்டு வருது, அதுக்கு இது ஒரு எடுத்துக்காட்டுங்க.”

“எடுத்துக்காட்டு நாவல்ல இருந்துல்ல குடுக்கணும்?”

“ரிக் வண்டி நாவல்லயா இருக்குதுங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அடையாளம் தெரியுற மாதிரி இருக்கே. எந்தப் பள்ளிக்கூடத்துல தமிழுக்கு ஆளு இல்லன்னு தேடுனா கண்டுபுடிச்சிரலாம்.”

பரீதா டீச்சர் எப்போது எழுந்து வந்தார் என்று தெரியவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று அந்த மூன்று வரியையும் படித்திருந்தார்.

“தேடுங்க சார்,” என்றார். “ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் அப்படி இருக்குன்னா சீக்கிரம் கெடச்சிரும்.”

சீஃப் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“அதோட, வேண்டுகோள்னா எதாச்சும் கேக்கணும்ல சார்?” என்று பரீதா டீச்சர் தொடர்ந்தார். “இதுல என்ன கேட்டிருக்கு? மார்க்கு கேக்கல. மன்னிப்புக்கூட கேக்கல. நடந்தத எழுதியிருக்கு. நேர்மையப் பத்தி எழுதச் சொல்லிட்டு, நேர்மையா எழுதுனா புடிச்சுக் குடுக்கறதா?”

“டீச்சர், பேசறது சுலபம். மேல இருந்து கேட்டா பதில் சொல்றது நான்.”

அந்த இடத்தில் நான் சொன்ன வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. “நான் எழுதித் தாரேனுங்க,” என்றேன். ஒரு வெள்ளைத் தாளில், ‘மேற்படி வரிகள் விடையின் பகுதியே, வேண்டுகோள் அல்ல என்பது என் மதிப்பீடு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போடும்போது ஓய்வூதியக் கோப்பு ஞாபகம். பரீதா டீச்சர் பேனாவை என்னிடமிருந்தே வாங்கி எனக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனா எனக்குத் திரும்பி வரவில்லை, அது வேறு.

சீஃப் தாளையும் எங்கள் கடிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“நீங்க எத்தன மாறுதல் சார்?”

“அஞ்சுங்க.”

“நீங்க டீச்சர்?”

“மூணு. கடைசி ஒண்ணு வருசத்துக்கு நடுவுல.”

“எனக்கு நாலு,” என்றார். “ரெண்டாவது, மலை மேல ஒரு பள்ளிக்கூடம். கெளம்பற அன்னிக்குப் புள்ளைங்க பஸ்ஸு வரைக்கும் வந்துச்சுங்க.”

அவர் என்ன சொல்லிவிட்டு பஸ் ஏறினார் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் எங்கேயோ அதைச் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான். ஊருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் யார் போகாமல் இருப்பார்கள். நானும்தான் போனேன். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாவாயி கதவைச் சாத்தினதுபோல ஒரு வகுப்பும் சாத்தும் என்று நான் நினைத்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சீஃப் கையெழுத்துப் போட்டார். அறிக்கை எழுதவில்லை. போடுவதற்கு முன் ஏழு என்பதை அடித்து ஆறு ஆக்கினார். “தலைப்பு இல்ல சார். நான் அதையாவது செய்யணும்.” பரீதா டீச்சர், “நானா இருந்தா எட்டு போட்டிருப்பேன்” என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்தார். ஆறு போதும், தேர்ச்சிக்கு அந்தப் பிள்ளைக்கு அந்த ஆறுகூடத் தேவைப்படவில்லை. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தவன் நான்.

என் பொறாமை அதோடு தீர்ந்ததா என்று கேட்பீர்கள். தீரவில்லை. கொஞ்ச நேரம் அது இடம் தெரியாமல் அலைந்தது. காலையிலிருந்து நான் வயிறெரிந்துகொண்டிருந்த நல்ல குரல்காரர், பிள்ளைகள் சுற்றி நிற்கும் இளைஞர், அப்படி ஒருவர் இல்லவே இல்லை. இருந்தது ஒரு காலியிடம். காலியிடத்தின்மேல் எப்படிப் பொறாமைப்படுவது? அன்று மத்தியானம் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தபோது வழி தெரிந்தது. மாறுதலில் போன அந்தத் தமிழ் ஐயா இருக்கிறாரே. முழுசாகச் சில மாதம்கூட நடத்தாமல், ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனவர். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஒரு நாவலைத் திறந்துவிட்டது. நின்று நடத்திய எனக்கு எட்டு எலி. போன மனிதருக்கு அந்த வரி. இதைவிட அநியாயம் ஒன்று எனக்குத் தெரியாது. அவர் எந்தப் பள்ளியில் இருக்கிறாரோ, தான் நடத்திய பாடங்களிலேயே சிறந்த பாடம் எது என்று தெரியாமலேயே இருக்கிறார். தெரிந்தால் வெட்கப்படுவார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சில நாள் அது பலிக்கிறது.

சாயங்காலம் முகாம் முடிந்து கிளம்பும்போது பரீதா டீச்சர் சேலம் பஸ்ஸுக்கு ஓடினார். படியில் ஏறிக்கொண்டே திரும்பி, “சார், வரேன்” என்றார். சொன்ன பிறகு ஒரு கணம் நின்றார். நான் “செரிங்க” என்றேன். நடத்துநர் விசில் ஊதிவிட்டார்.

கடைசியாக ஒன்று. அந்த மார்ச் மாதத்தில்தான் என் மாதிரிக் கட்டுரையைப் புதிதாகத் தட்டச்சு செய்து, எலி எதுவும் நுழையாமல் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, நான் ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிகளில் இருக்கட்டும் என்று முந்நூறு பிரதி எடுத்து வைத்திருந்தேன். முகாமிலிருந்து வந்ததும் அந்தக் கட்டுகளைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நம்பிக்கையின் குரல் என்று இருந்தது. ஒரு பள்ளிக்கும் கொடுக்கவில்லை. ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டேன், எழுத்து என்று பார்த்தால் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். மற்றதைப் பழைய பேப்பர் கடையில் போட்டேன். வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது நாலரை கிலோ. கடைத் தராசில் நாலே கால்தான் காட்டியது. மாரப்பன் நின்றிருந்தால் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை, பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கிலோ பன்னிரண்டு ரூபாய் வீதம் ஐம்பத்தொன்று வந்தது. ஜெராக்ஸ் செலவு ஆயிரத்து எண்ணூறு. ஆக, அந்தப் பிள்ளையின் ஒரு விடைக்கு என் கையிலிருந்து போனது ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.